மெமரி கம்மி

வீரமுத்து நல்லவன் என்று கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வியைக் கேட்டால் மட்டும், "ஞாயித்துக்கிழம தவிர" என்று ஒரு ஒட்டுப் போட்டுச் சொல்வாள்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் நைனார்பாளையம். டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னையில் ஆறு வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் திறந்து மூடினான். கல்யாணம் ஆனதும், மூடுவதை ஊர்ப்பக்கமே வந்து மூடலாம் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை பிடித்தான். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நின்றுதான் பேச வேண்டும். ஆனாலும் கூட்டம் வந்தது. காரணம் ஒன்றுதான்: போகாத சாமானைப் போய்விட்டது என்று அவன் சொன்னதில்லை. கழற்றிய திருகாணி மிச்சமானால்கூடக் காகிதத்தில் மடித்து ஆளிடம் கொடுத்துவிடுவான். இந்தத் தொழிலில் அப்படி ஓர் ஆள் இருப்பது சக தொழில்காரர்களுக்கு எவ்வளவு எரிச்சல் என்று சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. மதியம் ஒரு மணிக்குக் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வான். ஓசூரில் இருக்கிற ராஜாங்கமும், சென்னையில் இருக்கிற இன்னும் இரண்டு பேரும் அதே நேரத்தில் அவரவர் வீட்டில் உட்காருவார்கள். நால்வரும் டிப்ளமோவில் ஒரே பெஞ்சு. இப்போது ஒரே அணி. திரையில் ஒரு பாழடைந்த நகரத்துக்குள் புகுந்து எதிர் அணியைச் சுட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். நாலு குடும்பஸ்தர்கள் தொப்பையோடு உட்கார்ந்து, "பின்னால வரான்டா, பின்னால வரான்டா" என்று கத்துவதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வீரமுத்துவுக்கு வாரத்தில் அந்த நாலு மணி நேரம்தான் மூச்சு.

அந்த மூச்சும் முட்டி முட்டித்தான் வந்தது. அவன் கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது, அந்த ஜாதிக்கு அது பல் போன வயது. இவன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் படம் நின்றுவிடும். மறுபடி ஓடும்போது இவன் செத்துக் கிடப்பான். "மாட்டு வண்டி வந்துடுச்சாடா?" என்று ராஜாங்கம் ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் கேட்பான். மற்ற இருவரும் சிரிப்பார்கள். வீரமுத்துவும் சிரிப்பான். ஊருக்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவன் கம்ப்யூட்டர் இப்படி என்பது அவனை உள்ளுக்குள் அரித்தது.

புதிதாக ஒன்று வாங்க வழியில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம், கடை வாடகை என்று ஆயிரம் இருக்கிறது. அதனால் பழசுக்கே உயிர் ஊட்டப் பார்த்தான். சேலத்தில் பழைய சாமான்களை உடைத்து விற்கிறவரிடம் பேரம் பேசி, கொஞ்சம் வேகமான பிராசசர் ஒன்று வாங்கி மாற்றினான். திருக்கோவிலூரில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்து கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது. அதன் விசிறி கிரீச்சிட்டது, எண்ணெய் விட்டு ஓட்டினான். பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டான். எல்லாம் சேர்த்தும் ஒரு நல்ல செல்போன் விலை ஆகவில்லை. இப்படிக் கிழடைத் தட்டிக் கொட்டி ஓட வைப்பதில் அவனுக்குத் தனிக் கர்வம்.

மெமரி ஒன்றுதான் பாக்கி. மெமரி என்பது ஒரு சாணுக்கும் குறைவான பச்சைப் பட்டை. கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பிக்கொள்ளும் மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜை சின்னதாக இருந்தால் ஒன்றை எடுக்க இன்னொன்றை இறக்கி வைத்துத்தான் ஆக வேண்டும். வீரமுத்துவிடம் இருந்தவை இரண்டு ஜிபி பட்டைகள் இரண்டு. ஆட்டம் கேட்டதோ பதினாறு. இவனுடைய பழைய போர்டில் உட்காரும் எட்டு ஜிபி பட்டைகள் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை ஏறிக் கிடந்தது. சேலத்துக்காரர் "பாக்கலாம், பாக்கலாம்" என்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான், ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து வெள்ளச்சி இறங்கிக் கடைக்கு வந்தாள்.

அவளை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவள் ஊர். பழைய புடவையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியை மலை முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். புருஷன் மாதன் கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் வாட்ச்மேன். அந்த அலுவலகத்தைக் காலி செய்தபோது, பொண்ணு படிச்சிருக்குதே என்று இதை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டே நாள் ஓடியது. மூன்றாம் நாள் இடி இடித்ததில் அணைந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"அந்த ரெண்டு நாள்ல எம் பொண்ணு மீனா இதுலயே பரிட்ச எழுதி ஒரு கம்பெனில எடுத்துகினாங்க தம்பி," என்றாள். "வூட்லயே குந்திகினு பழைய காகிதத்தல்லாம் பாத்துப் பாத்து அடிக்கணுமாம். ஒரு மாசம் சோதன பண்ணுவாங்களாம். தெனத்துக்கு இத்தினின்னு கணக்கு இருக்குது. அது சரியா வந்துட்சின்னா வேல நெலையாய்டும்."

"நெட்டு கெடைக்குதாம்மா அங்க?"

"போன்ல எடுத்துக்குது. வூட்டுக்குப் பின்னால நல்லா வருது. இந்த வேல கெடைக்காங்காட்டி எங்க கூட குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குத்தான் வரணும். அதுக்கு அது இன்னாத்துக்குக் காலேஜ் போச்சி சொல்லு? சீக்கிரம் பாத்துக் குடு தம்பி."

அவள் போனதும் வீரமுத்து பெட்டியைத் திறந்தான். கோளாறு சாதாரணம்தான், பவர் சப்ளை போயிருந்தது. தூசியை ஊதிவிட்டு உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றான். எட்டு ஜிபி பட்டைகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். மூன்று மாதமாக அவன் தேடிய அதே ரகம்.

திருடுகிறோம் என்று அவன் நினைக்கவே இல்லை என்று எழுதினால் அவனுக்கு வசதியாக இருக்கும். நினைத்தான். நினைத்துவிட்டு, அதற்கு மேல் ஒவ்வொன்றாக அடுக்கி மூடினான். டைப் அடிக்கிற பொண்ணுக்கு எதற்குப் பதினாறு? இரண்டே தாராளம். அவர்களே காசு கொடுத்து வாங்கியதா இது? சும்மா வந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. கூலி வாங்காமல் விட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். பன்னிரண்டு வருஷமாக ஒரு திருகாணிக்கு ஆசைப்படாதவன், பகல் பதினோரு மணிக்கு, ரோட்டில் கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருக்கும்போது, இரண்டு பட்டைகளையும் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். தன்னுடைய இரண்டு ஜிபி பட்டை ஒன்றை அவர்கள் பெட்டியில் மாட்டினான். விரல் நடுங்கியதா என்று கேட்டால், இல்லை. பழகிய வேலைதானே.

புதன்கிழமை வெள்ளச்சி வந்தபோது, "கூலி வேணாம்மா. பவர் சப்ளைக்கு மட்டும் குடுங்க," என்றான்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி. உன் புள்ளங்க நல்லா இருக்கணும்," என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் குனிந்து ஏதோ ஒரு வயரைத் தேடினான்.

அந்த ஞாயிறு ஆட்டம் தண்ணீராக ஓடியது. வீரமுத்து திரும்பினால் படமும் திரும்பியது. சுட்டால் விழுந்தார்கள். "டேய், மாட்டு வண்டிக்கு இன்னாடா ஆச்சி? லாரி இன்ஜின் வச்சிட்டியா?" என்று ராஜாங்கம் கத்தினான். அன்றைக்கு நால்வரில் அவன்தான் முதலிடம். மனுஷன் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் நடுவே போன் வந்தது. ஒரு காதில் ஹெட்செட், மறு காதில் போனை இடுக்கிக்கொண்டு பேசினான். வெள்ளச்சி.

"தம்பி, எம் பொண்ணு ஏந்தம்பி இப்பிடி லேட்டாவுது? தெனம் காலைல குந்துனா சாய்ங்காலம் வரிக்கும் அடிக்குது, பாதி கணக்குகூட வர்ல. நீ படிச்சவன், உனக்குத் தெரியும். ஏன் தம்பி?"

திரையில் எதிரி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். "மெமரி கம்மிம்மா," என்றான் வீரமுத்து, எதிரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மெமரி கம்மியா?"

"ஆமாம்மா. அதுல இருக்கறதே அவ்ளோதான். ஒண்ணும் பண்ண முடியாது. பொறுமையா அடிக்கச் சொல்லுங்க."

"சரி தம்பி," என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். வீரமுத்து எதிரியைச் சுட்டான். சொன்னது உண்மைதானே என்று ஒரு திருப்தி வேறு. ஏன் கம்மி என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளச்சி நேரிலேயே வந்து நின்றாள். ஒரு பையில் புதுச் சாமை அரிசி, இன்னொரு பையில் ஈரத்துணியில் சுற்றிய கீரை.

"இன்னாம்மா இதெல்லாம்?"

"சாம எங்க நெலத்துல வெளஞ்சது. கீர வல்லார. உனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்னு கொண்ணாந்தேன்," என்று மேஜை மேல் வைத்தாள். "நீ சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சி தம்பி. எங்களுக்கு இத்தினி நாளாத் தெரியவே இல்ல. பள்ளிக்கூடத்துலயும் ஒரு வாத்தியார்கூடச் சொல்லல."

"எது?"

"எம் பொண்ணுக்கு மெமரி கம்மின்றது."

வீரமுத்து முதலில் சிரித்தேவிட்டான். அவள் சிரிக்கவில்லை. பொண்ணுக்கு ஞாபகசக்திக்கு வல்லாரையை விட நல்லது இல்லை என்று ஊரில் சொன்னார்களாம். தினமும் விடிந்ததும் ஓடைக்கரையில் பறித்து வந்து வெறும் வயிற்றில் அரைத்துக் கொடுக்கிறாளாம். முதலில் மீனா, "எனக்கு ஒண்ணும் கம்மி இல்லம்மா, கம்ப்யூட்டர்தான் நிக்குது" என்று சண்டை போட்டதாம்.

"நான் சொன்னேன், கம்ப்யூட்டர் சரி பண்ணவரே உனக்கு மெமரி கம்மின்னு சொல்லிட்டாரு, அவுருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா, நீ வாய மூடிகினு குடின்னேன். அப்பறமா அதும் ஒத்துக்கினுச்சி தம்பி. இப்ப எதுத்துப் பேசறதே இல்ல. பாவம். அந்த ரெண்டு நாள் எதோ அதிஷ்டத்துல பாஸாய்ட்டேன் போலன்னு அதே சொல்லுது."

வீரமுத்து வாயைத் திறந்தால் போதும். 'அம்மா, நான் சொன்னது கம்ப்யூட்டரை' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: கம்ப்யூட்டருக்கு ஏன் கம்மி? கடை வாசலில் வேறு இரண்டு பேர் பிரிண்டரோடு நின்றார்கள். வீரமுத்து நல்லவன் என்று சொல்கிற அதே ரோட்டு ஆட்கள்.

"சரிம்மா," என்றான். அவ்வளவுதான் வந்தது.

செந்தமிழ்ச்செல்வி அந்த வல்லாரையைத் துவையல் அரைத்தாள். சாமைச் சோறும் துவையலும் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தவன் மெல்லவே மறந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னாங்க, முள்ளா குத்துது? கீரைதானே?"

"கசப்பா இருக்குது."

"நான் துன்னனே, ஒண்ணும் கசக்கலியே," என்றாள். அவன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

இனி நடந்ததுதான் இந்தக் கதையில் அவன் மறைக்க விரும்புவது. பட்டைகளைக் கழற்றியதற்குக்கூட ஆசை என்று ஒரு பெயர் வைக்கலாம். தெரிந்த பிறகு சும்மா இருந்ததற்கு எந்தப் பெயரும் ஒட்டாது. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு மலை ஏறியிருந்தால் மதியத்துக்குள் மாட்டிவிட்டுத் திரும்பியிருப்பான். ஏறவில்லை. சேலத்துக்காரருக்குப் போன் போட்டு, வேறு பட்டை கிடைத்தால் அதைக் கொண்டுபோய் மாட்டிவிடலாம், தன்னுடையதைக் கழற்ற வேண்டாம் என்று பார்த்தான். அவன் மனசில் அது 'தன்னுடையது' ஆகியே போயிருந்தது. "அடுத்த வாரம்," என்றார் அவர். அடுத்த வாரமும் அதையே சொன்னார். இதற்கிடையே நால்வரும் ஏதோ ஒரு போட்டியில் பெயர் கொடுத்து அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். இந்த ஞாயிறு முடியட்டும் என்றான். அந்த ஞாயிறு ஜெயித்துவிட்டார்கள். இறுதி ஆட்டம் இருக்கிறதே என்றான். கண்ணை மூடினால், வெறும் வயிற்றில் கீரைச்சாற்றைக் குடித்துவிட்டு நின்று போன திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு முகம் தெரியாத பெண் வந்தாள். கண்ணைத் திறந்து விளையாடினான். நன்றாகவே விளையாடினான். அதுதான் அவனுக்கே பொறுக்கவில்லை.

புதன்கிழமை காலை கடை திறக்கும்போது வெள்ளச்சி போனில் வந்தாள்.

"தம்பி, ஒரு ஒதவி. இந்தக் கம்ப்யூட்டர நீயே எடுத்துக்கிறியா? மீனா வேணாம்னுடுச்சி. துணி போட்டு மூடி வச்சிருக்குது, அந்தப் பக்கமே போவ மாட்டேங்குது. எங்க கூட குடகுக்கு வரேன்னு துணி மூட்டகூட கட்டிட்சி."

"வேல?"

"அது எங்கிருந்து வரும், மெமரிதான் இல்லியே. காசெல்லாம் வேணாம் தம்பி. நீ எங்களுக்குக் கூலிகூட வாங்கல. உள்ள இருக்கற சாமான் எதுனா உனக்கு ஒதவும் இல்ல? சும்மா எடுத்துகினு போ."

வீரமுத்து போனை வைத்தான். கடைக்குள் போய், தன் பெட்டியைத் திறந்து இரண்டு பட்டைகளையும் கழற்றினான். சட்டைப் பையில் போட்டவன், வேர்வை படுமே என்று எடுத்துக் காகிதத்தில் மடித்தான். ராஜாங்கத்துக்கு, "ஞாயிறு நான் இல்லை" என்று ஒரு வரி அனுப்பினான். பதிலுக்கு வந்த திட்டுகளைப் படிக்கவில்லை. கதவை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி மலை ஏறும்போது, வழி முழுக்க ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். 'புதுசா மெமரி வந்திருந்திச்சிம்மா, உங்களுக்குப் போட்டு வுட்டுடலாம்னு வந்தேன், காசு வேணாம்.' ஒவ்வொரு வளைவிலும் அது மெருகேறியது. கடைசி வளைவில் அவனுக்கே கண் கலங்கும் அளவுக்கு அதில் அவன் நல்லவனாக இருந்தான்.

வீட்டில் மீனா மட்டும் இருந்தாள். ஒல்லியான பெண், கல்லூரிக்குப் போட்டுப் பழசான சுடிதார். வாசலில் வண்டியைப் பார்த்ததும், "கம்ப்யூட்டர் எடுத்துகினு போவ வந்தீங்களா அண்ணா? உள்ளதான் இருக்குது," என்றாள். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. தீர்ப்பு வந்து முடிந்துபோன ஆளின் முகம்.

"ஒரு நிமிசம், ஒண்ணு பாத்துக்கறேன்மா," என்று அவன் துணியை விலக்கிப் பெட்டியைத் திறந்தான். தன்னுடைய இரண்டு ஜிபி பட்டையை எடுத்துவிட்டு எட்டுகள் இரண்டையும் மாட்டினான். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதான் வேலை, இதற்குத்தான் பன்னிரண்டு நாள். சுவிட்சைப் போட்டான். திரை பளிச்சென்று வந்தது.

"ஒக்காந்து அடிச்சிப் பாரும்மா."

"வேணாண்ணா. எனக்கு வராது."

"பாரு."

அவள் விருப்பமில்லாமல் உட்கார்ந்து ஒரு வரி அடித்தாள். எழுத்துகள் விரலோடு கூடவே வந்தன. இன்னொரு வரி. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. பழைய பயிற்சித் தாள் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலேயே சடசடவென்று ஒரு பக்கம் அடித்து முடித்தாள். வீரமுத்து சென்னையில்கூட அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. மீனா தன் விரல்களையே பார்த்தாள்.

அப்போது விறகுக் கட்டோடு வெள்ளச்சி வந்துவிட்டாள். வாசற்படியில் நின்று மகள் அடிப்பதைப் பார்த்தவள் கட்டை அப்படியே கீழே போட்டாள். "பாத்தியா தம்பி! வல்லார வேல செஞ்சிட்சி! நாப்பது நாள் ஆவும்னாங்க, அதுக்கு முன்னாடியே புடிச்சிக்கினுச்சி!"

இதைவிட நல்ல வாசல் ஒருவனுக்குத் திறக்காது. 'ஆமாம்மா' என்று சொல்லிவிட்டு வண்டி ஏறலாம். ஒத்திகை பார்த்த பொய்கூடத் தேவையில்லை. வீரமுத்து அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான். இனி காலம் முழுக்க இவள் மகளுக்குக் கீரை அரைத்துக் கொடுப்பாள், மகளும் குடிப்பாள் என்று தோன்றியது.

"இல்லம்மா," என்றான். "மெமரிய நான்தான் எடுத்துட்டேன்."

வெள்ளச்சி சிரித்தாள். "பொண்ணோட மெமரிய நீ எப்பிடித் தம்பி எடுப்ப?"

"பொண்ணோடது இல்லம்மா, கம்ப்யூட்டரோடது. அன்னிக்கி போன்ல நான் கம்மின்னு சொன்னது கம்ப்யூட்டருக்கு. அதுலயும் கம்மி இல்ல, நெறையா இருந்திச்சி. ரிப்பேருக்கு வந்தப்ப நான் கழட்டி என்னுதுல மாட்டிக்கினேன். வெளையாட. இப்பதான் திருப்பிப் போட்டேன்." அவள் முகத்தில் இன்னும் குழப்பம் இருந்தது. அவன் கடைசியாக, வேறு வழியில்லாமல், அதற்குரிய சொல்லையே சொன்னான். "திருடிட்டேன்மா."

வெள்ளச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீனா நாற்காலியைத் திருப்பினாள்.

"அப்ப நான் மக்கு இல்லியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் அழவில்லை. "எங்கம்மா தப்பாப் புரிஞ்சிக்கினது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு அவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "கீர கொண்ணாந்து குடுத்தாங்களே, அன்னிக்கி. பன்னெண்டு நாளாச்சி."

"அஞ்சு நாளு முன்னாடிதான் அண்ணா நான் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். எனக்கு ஞாபகசக்தி கம்மி, என்னால முடியாது, வேற யாருக்காவது குடுங்கன்னு. நானே எழுதனேன்." குரல் ஏறவில்லை. "குடுத்துட்டாங்க."

வீரமுத்துவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் பேசுகிறேன், அவர்களுக்கு எழுதிப் போடுகிறேன், என் தப்பு என்று சொல்கிறேன் என்று ஏதேதோ உளறினான். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. மலை ஏறி வந்து உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று எங்கோ ஓர் ஓரத்தில் நம்பியிருந்தான். இறங்கவில்லை.

"கம்பெனிக்கு நானே எழுதிக்கறேன்," என்றாள் மீனா. "அடுத்த தபா ஆள் எடுத்தா மறுபடியும் பரிட்ச எழுதறேன். நீங்க வேற ஒண்ணு பண்ணணும்."

"சொல்லும்மா."

"எங்கம்மா ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்குது. ரேஷன் கடைல, கொழாயடில, எல்லார்கிட்டயும். என்னப் பாத்தா இப்ப பாவம்னு பாக்கறாங்க. நேத்து ஒரு சின்னப் புள்ள, உனக்கு இன்னாக்கா பேரு, ஞாபகம் இருக்குதான்னு கேக்குது. அந்த வூட்லல்லாம் நீங்க வந்து சொல்லணும். எங்கிட்ட சொன்ன மாதிரியே."

"வுடு மீனா," என்றாள் வெள்ளச்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு நடந்து போச்சி. அதான் தம்பியே ஒத்துகினு வந்துட்சே. நான் சொல்லிக்கறேன் எல்லாருக்கும்."

"நீ சொன்னா, பொண்ணுக்கு ஏத்துகினு பேசறன்னு சொல்வாங்கம்மா," என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள் மீனா.

வீரமுத்து அவள் பின்னால் நடந்தான். முதல் வீட்டில், களத்தின் அந்தக் கோடியில் சாலம்மாள் என்கிற நடுவயசுக்காரி சாமை தூற்றிக்கொண்டிருந்தாள். காற்று அடித்தது. மீனா வேலியோரம் நின்றுகொண்டாள், அதற்கு மேல் வரவில்லை.

"அம்மா," என்றான் வீரமுத்து. "நான் கள்ளக்குறிச்சில கம்ப்யூட்டர் கட வச்சிருக்கறேன். மீனாவுக்கு மெமரி கம்மின்னு..."

"இன்னா? காத்துல கேக்கல. சத்தமாச் சொல்லு!"

பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். வீரமுத்துவுக்கு ஊர்க்காரர்கள் வாயால் கேட்டுப் பழகிய அந்த 'நல்லவன்' நினைவுக்கு வந்து, வந்த வேகத்திலேயே போனது.

"மீனாவுக்கு ஒண்ணும் கம்மி இல்லிங்க!" என்று கத்தினான். "அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல இருந்து நான் திருடிட்டங்க! திருடிட்டு, தெரிஞ்சும் பன்னெண்டு நாள் சும்மா இருந்துட்டங்க!"

சாலம்மாள் முறத்தை இறக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் வேலியோரம் நின்ற மீனாவைப் பார்த்தாள். மீனா தலையைக் குனியவில்லை.

"அடுத்த வூடு அதோ, மேட்டுல இருக்குது," என்றாள் வீரமுத்துவிடம். "வாங்க."